சந்தனம் வைத்த பிளாப்பி

எனக்கு ராசி இரண்டு. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம். திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் சிம்ம ராசி, மக நட்சத்திரம். ஆயில்யம் முடிந்து மகம் தொடங்குகிற நேரமாகப் பார்த்துப் பிறந்து தொலைத்தேன். அந்த நேரம் எது என்பதில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேரத் தகராறு. என் கோபத்தைப் பார்த்தவர்கள் இவள் சிம்மம்தான் என்று அடித்துச் சொல்வார்கள். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் கோபத்தையா பார்க்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வாக்கியம்தான். திருநள்ளாறு கோயிலே வாக்கியம் என்னும்போது நெரவியில் இருக்கிற நாங்கள் வேறெதைப் பார்ப்பது? ஆயில்யப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கையால் இரண்டு வரன்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

எண்பதுகளின் கடைசியில் நான் காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சைக்கிள் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்தேன். கணிதத்தில் பட்டம், டைப்ரைட்டிங்கில் ஹையர். முதலாளி பிரெஞ்சு குடியுரிமைக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, மற்றவர்கள் பெர்ஃப்யூமும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். ஊரில் எல்லோரும் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

முசேயின் கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சுக் கீபோர்டு. நம் டைப்ரைட்டரில் ஏ இருக்கும் இடத்தில் அதில் க்யூ இருக்கும். ஆனால் உள்ளே ஓடிய மென்பொருளுக்கு அது பிரெஞ்சுக் கீபோர்டு என்று தெரியாது. அது பாட்டுக்கு அமெரிக்க வரிசையில் எழுத்துகளைப் போடும். நான் பார்க்காமல் அடிக்கிறவள், எனக்கு ஒரு குறையும் இல்லை. முசே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடிப்பார், திரையில் வேறொன்று வரும். "இந்த மெஷினுக்கு என் மேல என்ன கோவம்?" என்பார். எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். ஆகவே மிஷின் முழுக்க என் ராஜ்ஜியம்.

திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டம் காரைக்காலைத் தொட்டுத்தான் போகும். கம்ப்யூட்டர் ஜாதகம் என்று ஒரு போர்டு மாட்டினால் போதும் என்று முசே கணக்குப் போட்டார். போர்டை அவர் மாட்டினார், ஜாதகம் போடுகிற புரோகிராமை நான் எழுத வேண்டியதாயிற்று. அதுவும் சி மொழியில், ஒரே ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

முதல் வாரமே சிக்கல். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாக்கியம் கேட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் திருக்கணிதம் கேட்டார்கள். மிஷினின் நினைவகமோ சின்னது. தமிழ் எழுத்துகளை வரைவதற்கே பாதி போய்விடும். மிச்சத்தில் இரண்டு பஞ்சாங்கத்தின் கணக்கும் சேர்ந்து உட்காரவில்லை. எனவே கணக்கை மட்டும் புரோகிராமிலிருந்து பிரித்தெடுத்து, வாக்கியத்தை ஒரு பிளாப்பியிலும் திருக்கணிதத்தை இன்னொரு பிளாப்பியிலும் வைத்தேன். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அந்தத் துண்டை மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு இதற்கெல்லாம் தயாராக வசதிகள் வந்துவிட்டன. அன்றைக்கு நானேதான் வழி கண்டுபிடித்தேன். நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குவேன். பிளாப்பியில் இருக்கும் பைட்டுகளை அப்படியே அங்கே கொட்டுவேன். பிறகு சி மொழியிடம், "அந்த இடத்தில் இருப்பது வெறும் எண்கள் இல்லை, அது ஒரு ஃபங்ஷன், போய்க் கூப்பிடு" என்பேன். சி மொழி எதிர்க்கேள்வி கேட்காது, போய்க் கூப்பிட்டுவிடும். அங்கே ஃபங்ஷனுக்குப் பதில் குப்பை கிடந்தால் மிஷின் அப்படியே விறைத்துப்போய் நிற்கும். ஒரு மாதம் அது விறைப்பதும் நான் அணைத்துப் போடுவதுமாகவே போயிற்று. இறக்கிய துண்டு, தான் இருப்பது புது இடம் என்று தெரியாமல் பழைய விலாசத்திலேயே தன் சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தது. அதைப் பழக்கப்படுத்துவதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

பழகிய பிறகு பார்க்க அழகாக இருந்தது. ஆபீசில் ஒரே நாற்காலி, இரண்டு அதிகாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் புரோகிராம் நாற்காலியைப் பார்த்து, "இந்தப் பிறந்த நேரத்துக்குச் சந்திரன் எங்கே?" என்று மட்டும் கேட்கும். யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் தன் வழக்கப்படி பதில் சொல்வார். முதல் சோதனை என் ஜாதகம்தான். வாக்கியத்தை இறக்கினேன், ஆயில்யம். திருக்கணிதத்தை இறக்கினேன், மகம். நாற்காலியில் ஆள் மாறினால் நானே வேறொருத்தி ஆகிவிடுகிறேன்! அன்றிலிருந்து தினமும் காலையில் மிஷினைப் போட்டதும் திருக்கணிதத்தை இறக்கி, என் ஜாதகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். மிஷின் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிறேன் என்று முசேயிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் சிம்மம், மகம் என்று திரையில் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். பிளாப்பி சரியாக உட்காராவிட்டால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும்: அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று மூன்று வார்த்தை, ஒரு கேள்விக்குறி. ஒருநாள் ஒரு அம்மா, மாசமாக இருந்த மருமகளின் ஜாதகத்தோடு வந்தார். நான் டிரைவின் மூடியைச் சரியாக மூடவில்லை. செய்தி வந்தது. கூட வந்திருந்த தம்பிக்கு இங்கிலீஷ் தெரியும். முதல் வார்த்தைக்குக் கருவைக் கலைப்பது என்று அர்த்தம் என நல்லபடியாக விளக்கிச் சொல்லிவிட்டார்.

"வயித்துப் புள்ளைக்காரிக்கு ஜாதகம் பாக்க வந்த எடத்துல சொல்ற வார்த்தையா இது? வெளங்குமா இந்தக் கடை?" என்று அந்த அம்மா கத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்.

முசே வெளுத்துப் போனார். "ஏம்மா, இந்த வார்த்த இனிமே ஸ்கிரீன்ல வரக்கூடாது. கல்யாணம், காதுகுத்துன்னு வர்றவங்க. அபசகுனமா எதுவுமே வரக்கூடாது."

வராமல் செய்துவிட்டேன். பிளாப்பியைப் படிப்பதில் எந்தத் தவறு நடந்தாலும் வாயைத் திறக்காமல் மேலே போ என்று நாலு வரி எழுதிச் சேர்த்தேன். துண்டு கிடைத்தால் இறக்கு என்று முன்பே எழுதியிருந்தேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. முசே என்னைப் பாராட்டி சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கு மாலை, பிரிண்டருக்கு மாலை, புரோகிராம், வாக்கியம், திருக்கணிதம் என்று மூன்று பிளாப்பிக்கும் சந்தனம், குங்குமம். மற்ற இரண்டுக்கும் ஒட்டியிருந்த பேப்பரின் மேலேயே பொட்டு வைத்தேன். வாக்கியம் கோயில் பஞ்சாங்கம் ஆயிற்றே, அதற்கு மட்டும் கூடுதல் மரியாதை. அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பியில் நடு ஓட்டைக்குக் கீழே முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு இருக்கும். நெற்றி மாதிரி இருந்தது. நல்ல கெட்டிச் சந்தனமாக எடுத்து அங்கே வைத்தேன். மிஷின் அந்தத் திறப்பு வழியாகத்தான் பிளாப்பியைப் படிக்கிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. பக்தியில் மறந்து போயிற்று.

இதற்கிடையில் ஒரு வரன் நகர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் போலகம், மின்சார ஆபீசில் வேலை. வரனாக வருவதற்கு முன்பே அவர் குரல் எனக்குத் தெரியும். கரண்ட் போகும்போதெல்லாம் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத்தான் நஷ்டம். போனைப் போட்டு, "ஏங்க, நீங்க என்ன எங்க மாடிய மட்டும் பாத்து நிறுத்துறீங்களா?" என்று கத்துவேன். அந்தப் பக்கம் ஒரு குரல் பொறுமையாக, "அஞ்சு நிமிஷங்க. எழுதுனத சேவ் பண்ணீங்களா?" என்று கேட்கும். சேவ் பண்ணவில்லை என்றால் அதற்கு வேறு வருத்தப்படும். போகப் போக, கரண்ட் இருக்கும்போதுகூட அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒருநாள் பொது உறவினர் ஒருவர் வழியாகப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதும்போதுகூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என் ஜாதக நோட்டு முந்தைய ஒரு புயலில் நனைந்து கூழாகிப் போயிருந்தது. அப்பா அதைச் சொல்லிப் பிறந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆயில்யத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில், குடையை மடக்கிக்கொண்டே ஓர் அம்மா மாடிக்கு வந்தார். உயரம், கூர்மையான கண். எதிரே வந்து உட்கார்ந்து, மடித்த தாளை நீட்டினார். அப்பாவின் கையெழுத்து!

"போலகத்துலேர்ந்து வர்றேம்மா. எம் புள்ளைக்குப் பாத்துருக்க பொண்ணு. வாக்கியத்துல போட்டுக் குடு" என்றார். பொண்ணு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்கும் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

"வாக்கியம்தானேங்கம்மா?" என்றேன்.

"வேற எது? கோயில் பஞ்சாங்கம்தான்."

ஆயில்யம் என்று வரப்போகிறது. இந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். இனி கரண்ட் போனால் நான் யாருக்கும் போன் செய்ய முடியாது. இவ்வளவும் மனதில் ஓடினாலும் திருக்கணிதத்தை எடுத்து மாற்றிப் போட எனக்குக் கை வரவில்லை. வாக்கிய பிளாப்பியையே போட்டு, வாக்கியம் என்று அழுத்தினேன். டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்தது, உள்ளே கரகரவென்று ஏதோ முனகியது, அணைந்தது. பிரிண்டர் ஓடியது. மேலே, வாக்கியப் பஞ்சாங்கம். கீழே, சிம்ம ராசி, மக நட்சத்திரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "மகமா? சரி" என்று மட்டும் சொல்லி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிளாப்பியை வெளியே எடுத்தேன். திறப்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மிஷினால் படிக்க முடியவில்லை. படிக்க முடியவில்லை என்று சொல்லவும் நான் விடவில்லை. காலையில் என் அற்ப சந்தோஷத்துக்காக இறக்கிய திருக்கணிதம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வாக்கியம் என்று அழுத்தி, வெளியே பெயர்ப்பலகையை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பிறகு வாக்கியம் கேட்டு வந்த எல்லோருக்கும் இதே கதிதான். வருகிறவர்களின் பெயரும் விலாசமும் குறிக்கிற கடை நோட்டைப் புரட்டினேன். போலகத்தைச் சேர்க்காமல் பதினோரு பேர்.

முசேயிடம் சொன்னபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி கேட்டார். எல்லோருக்கும் கார்டு போட்டு வரச் சொல்லி, புதிதாகப் போட்டுத் தரலாம் என்றேன்.

"கடைய மூட இதவிட நல்ல வழி இல்ல" என்றார். சாரல் அடித்த சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "போடு. போட்டுத் தொல. ஆனா என் பேர போடாத. ஒன் கையெழுத்தப் போடு."

பதினோரு போஸ்ட் கார்டிலும் ஒரே வாசகம்: எங்கள் மிஷினில் பஞ்சாங்கம் மாறிவிட்டது, தவறு என்னுடையது, தாளுடன் வந்தால் சரியாகப் போட்டுத் தருகிறேன். எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பன்னிரண்டாவது கார்டுக்கு விலாசம் எழுதும்போதுதான் பேனா நகரவில்லை. எழுதினேன், ஆனால் தபால் பெட்டியில் போடவில்லை. அது என் கைப்பையில் கிடந்து நெரவிக்கும் காரைக்காலுக்கும் இரண்டு நாள் பஸ்ஸில் போய்ப் போய் வந்தது. யார் கெட்டுப் போனார்கள்? வானத்தில் சந்திரன் இருக்கிற இடத்தைப் பார்த்தால் மகம்தானே? மிஷினே சொன்ன பிறகு நான் யார் குறுக்கே நிற்க? இப்படியெல்லாம் வாதாடினேன். ஆனால் மற்ற பதினோரு பேருக்குத் தவறு என்றது இவர் ஒருத்தருக்கு மட்டும் எப்படிச் சரியாகும் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவேன்.

இரண்டாம் நாள் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டேன். அவர்தான் எடுத்தார்.

"கரண்ட் இல்லீங்களா?"

"இருக்குங்க."

"அப்பறம் என்னாங்க?"

"சும்மாதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பொய்யை வைத்திருக்க முடியவில்லை. அழுகையாக வந்தது. கீழே இறங்கிப் போய்ப் பன்னிரண்டாவது கார்டையும் பெட்டியில் போட்டேன். கார்டு உள்ளே விழுந்ததும் கையை விட்டு எடுக்க முடியுமா என்றும் பார்த்தேன்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். கெட்டுப்போன பிளாப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாக்கியத்தைப் புதிதாக ஒன்றில் ஏற்றினேன். டிரைவைச் சுத்தம் செய்தேன். பஞ்சாங்கத்தை மாற்றும்போதெல்லாம் முதலில் நாற்காலியைக் காலி செய். புதியவர் வந்து உட்கார்ந்தாரா என்று பார். வரவில்லை என்றால் கணக்கே போடாதே என்று புரோகிராமைத் திருத்தினேன். திரையில் அபசகுனம் இல்லாமல் தமிழிலேயே ஒரு வரி: பஞ்சாங்கம் ஏறவில்லை, சற்றுப் பொறுக்கவும்.

நான்காம் நாள் போலகத்து அம்மா வந்தார். ஒரு கையில் தாள், ஒரு கையில் என் கார்டு. முசே அவரைப் பார்த்ததும் வெற்றிலை போடப் போய்விட்டார்.

"போடு, பாப்போம்" என்றார் அந்த அம்மா.

போட்டேன். கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம். தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றார். "பொண்ணு ஆயில்யம்னு, முன்னாடி ஒனக்கு வரன் கொண்டாந்த தரகர் எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு. நேர்ல போயி பாப்போம், பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேப்போம்னுதான் வந்தேன். நீ என்னடான்னா மகம்னு அடிச்சுக் குடுக்குற."

"இந்தப் பொண்ணு மெஷின வெச்சிக்கிட்டுத் தனக்கே ஜாதகத்தத் திருப்பிக்கிச்சுன்னு நெனச்சேன். ஆயில்யத்தக்கூட வீட்டுக்குள்ள விட்டுடலாம், பித்தலாட்டத்த எப்படி விடறது? எம் புள்ளகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அவன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நேத்து இந்தக் கார்டு வந்துச்சு." கார்டைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். "ஆயில்யம் ஆகாதுன்னா யாருக்கு ஆகாது? எனக்குத்தானே. அத நான் பாத்துக்கறேன்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அவர் மகத் தாளையும் ஆயில்யத் தாளையும் சேர்த்து நாலாகக் கிழித்து மேஜை மேல் வைத்தார். கார்டை மட்டும் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். "மெஷின சரி பண்ணிட்டியா?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போயிற்று. திரை அணைந்தது, மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அந்த அம்மா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை என் பக்கமாக நகர்த்தினார். "எம் புள்ளதான் நிறுத்திருப்பான். போட்டுத் திட்டு. இனிமே அவனத் திட்டுறது ஒன் பொறுப்பு."

எண்ணைச் சுற்றினேன். "மின்சார ஆபீஸ், சொல்லுங்க" என்றது அந்தக் குரல். ஊரையே திட்டுகிற நான் அன்றைக்கு, "கரண்ட் போச்சுங்க" என்று சாதுவாகச் சொன்னேன்.

"என்னாங்க, சேவ் பண்ணிட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"பண்ணிட்டேங்க" என்றேன்.